குதி ஊன்றாமல் நடக்கும் பிள்ளைகள்



கடந்த இதழில் பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேசினோம். இந்த முறை காலைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவும் முழுக்காலைப் பற்றி அல்ல, குதியைப் பற்றி.

பின்னேரத்தில் லயத்து வாசலில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சில வேளை அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை குதியைத் தரையில் வைக்காமல், விரல் நுனியிலேயே எக்கி எக்கி நடப்பதைக் காணலாம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். கொஞ்ச நாள் சிரிப்போம். பிறகு "ஒழுங்கா நடடா" என்று அதட்டுவோம். இன்னும் கொஞ்ச நாள் போனால் முதுகில் இரண்டு வைப்போம். சில வீடுகளில் பாட்டிமார் வேறு மாதிரிப் பயப்படுவார்கள். பேய்க்குத்தான் கால் தரையில் பாவாது என்று நம் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு அல்லவா? அதனால் பிள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். கயிறு கட்டுவதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கயிறு கட்டிய கையோடு கிளினிக்குக்கும் போக வேண்டும் என்று சொல்லத்தான் வருகிறோம்.

முதலில் பயப்படத் தேவையில்லாத விஷயத்தைச் சொல்லிவிடுவோம்.

பிள்ளை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகும் காலத்திலும், தனியே நடக்கத் தொடங்கும் காலத்திலும் நுனிக்காலில் நடப்பது சாதாரணமாக நடப்பதுதான். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பல பிள்ளைகள் இடையிடையே அப்படி நடக்கும். பிறகு தானாகவே குதியை முதலில் ஊன்றி, அதன் பிறகு விரலை வைத்து நடக்கப் பழகிக்கொள்ளும். மூன்று வயதாகும்போது நம்மைப் போல நடக்க வேண்டும். மூன்று வயது தாண்டியும் குதி ஏறியே இருந்தால் ஒருமுறை வைத்தியரிடம் காட்டிக் கேட்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் எந்த நேரமும் நுனிக்காலிலேயே நடந்தால் மூன்று வயது வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளிலேயே மருத்துவிச்சியிடம் சொல்லிவிடுங்கள்.

உடம்பில் வேறு எந்தக் குறையும் இல்லாமல், வெறும் பழக்கமாகவே இப்படி நடக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சுவீடன் நாட்டு வைத்தியர்கள் இரண்டு பேர் 5½ வயதுப் பிள்ளைகள் 1400 பேருக்கு மேல் பார்த்து 2012ஆம் ஆண்டு எழுதியிருக்கிறார்கள். வேறு காரணம் ஏதும் தெரியாமல் நுனிக்காலில் நடந்தவர்கள் 100க்கு 5 பேர் வரை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வயதுக்கு முன்பே அதை விட்டிருந்தார்கள். பத்து வயதில் பார்த்தபோது 5 பேரில் 4 பேர் அளவில் எந்த வைத்தியமும் இல்லாமலே சரியாக நடந்தார்கள். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். விசாரித்துப் பார்த்தால் அப்பாவோ மாமாவோ சின்ன வயதில் இப்படித்தான் நடந்திருப்பார்.

அப்படியானால் பேசாமல் விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அதனால் வந்த வினையைச் சொல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடர எங்களுக்கு மனம் வரவில்லை.

2016ஆம் ஆண்டு. பிள்ளைமடுவத்தில் நிறை பார்க்கும் நாள். ஒரு தாய் நாலு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"ஐயா, இவன் குதிய வைக்கவே மாட்டேங்குறான். ஓடுனா விழுந்துர்றான். என்னான்னு பாருங்கய்யா."

நாங்கள் பையனின் காலைத் தொட்டுப் பார்த்தோம். கெண்டைக்கால் உருண்டு திரண்டு, தொட்டால் கல் மாதிரி இருந்தது. சத்தான பிள்ளை என்று எங்களுக்குச் சந்தோஷம்.

"மலை ஏறுற காலும்மா இது. நாளைக்குப் பெரிய புட்போல்காரனா வருவான் பாருங்க. இது பழக்கம்தான், வளர்ந்தா சரியாயிரும்" என்றோம். அந்தத் தாயும் சிரித்துக்கொண்டே போனார். படித்த மனிதர் சொல்கிறார் என்று நம்பிப் போனார்.

2018இல் பையன் பாடசாலைக்குப் போனான். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிறான், தரையில் உட்கார வைத்தால் எழும்ப முடியவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத்தான் நாங்கள் அவன் எழும்புவதை ஒழுங்காகப் பார்த்தோம். முதலில் கவிழ்ந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றினான். பிறகு முழங்காலில் கை, அதன் பிறகு தொடையில் கை. தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவதுபோல ஏறித்தான் நிமிர்ந்தான். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். டுசென் என்று சொல்லப்படும் தசை நலிவு நோய்.

இது பிறப்பிலேயே வருவது, அநேகமாக ஆண் பிள்ளைகளுக்குத்தான் வரும். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டு போகும். கெண்டைக்கால் பெருத்திருந்தது பலத்தினால் அல்ல. வலுவிழந்த தசையில் கொழுப்பும் நாரும் சேர்ந்ததால் பெருத்திருந்தது. நாங்கள் புட்போல்காரனின் கால் என்று மெச்சியது அதைத்தான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் நோயை நிறுத்தியிருக்க முடியுமா? முடியாது. அதை நிறுத்தும் மருந்து இன்றைக்கும் இல்லை. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் சில மாத்திரைகளைத் தொடங்கி, பிள்ளை தன் காலில் நடக்கும் காலத்தைச் சில வருடங்கள் நீட்டலாம். தசை சுருங்காமலிருக்கப் பயிற்சி கொடுக்கலாம். இருதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றும் இருக்கிறது. இந்த நோய் தாய் வழியாக வரக்கூடியது. தாய்க்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவருடைய சகோதரிகளுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் வரலாம். (எல்லாக் குடும்பத்திலும் அப்படி அல்ல. மூன்றில் ஒரு பங்கு அளவில் புதிதாகவும் வரும்.) எங்கள் தாமதம் இருந்த அந்த ஒன்றரை வருடத்துக்குள் அந்தத் தாயின் தங்கைக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கும் இரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, அந்தப் பிள்ளைக்கு இல்லை.

பையனின் அப்பா, விழுந்து விழுந்து எழும்புகிறான் என்று, சோம்பேறி என்று, அவனை அடித்திருக்கிறார். முடிவைக் கேட்ட பிறகு இரண்டு நாள் பெரட்டுக்கு வரவில்லை. நாங்கள் லயத்துக்குப் போனபோது எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "எனக்கு யாருங்கய்யா சொன்னா, அடிக்காதன்னு" என்று மட்டும் கேட்டார். 2023 சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அந்தப் பிள்ளை சக்கர நாற்காலியில் இருக்கிறான். நன்றாகப் படம் வரைகிறான்.

அன்றிலிருந்து பழக்கம் என்ற சொல் எங்கள் வாயில் சுலபமாக வருவதில்லை. வைத்தியர்களும் அந்தச் சொல்லைக் கடைசியில்தான் சொல்வார்களாம். மற்ற எல்லாவற்றையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்றான பிறகுதான் இது பழக்கம் என்று எழுதுவார்கள். நாம் முதலிலேயே அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பார்ப்பதில்லை.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

நம் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டில் ஏறும்போது யாராக இருந்தாலும் குதி கொஞ்சம் தூக்கும். கூடையோடு மலையில் ஏறும் நீங்களும் அப்படித்தான் ஏறுகிறீர்கள். லயத்து வாசலோ சரிவு, பாதையோ படிக்கட்டு. அங்கே பிள்ளையைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. சமதரைக்குக் கொண்டுபோங்கள். பெரட்டுக் களம், கோயில் முற்றம், பாடசாலைத் திடல் எதுவாக இருந்தாலும் சரி. நடக்கச் சொல்லி உத்தரவு போடாதீர்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை ஒழுங்காக நடந்து காட்டும். ஒரு பந்தைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள்.

பிள்ளையின் பாதமும் உங்களுக்குச் சாட்சி சொல்லும். வெறுங்காலோடு திரிகிற பிள்ளை என்றால் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். எப்போதும் நுனியில் நடக்கிற பிள்ளைக்கு முன்பாதம் காய்த்துத் தடித்திருக்கும், குதி மட்டும் பச்சைப்பிள்ளைக் குதி மாதிரி மெத்தென்று இருக்கும். செருப்புப் போடுகிற பிள்ளை என்றால் செருப்பின் முன்பக்கம் தேய்ந்து குதிப்பக்கம் புதுசாக இருக்கும். பீலியில் குளித்துவிட்டு ஈரக்காலோடு சீமெந்துத் தரையில் நடந்து வரும்போது அச்சைப் பாருங்கள். குதியின் அச்சு விழுகிறதா, இல்லையா?

அடுத்தது முக்கியம். குதியை வைக்க முடிந்தும் வைக்காமல் நடக்கிறதா, அல்லது வைக்கவே முடியவில்லையா? பீலிக்கரையில் துணி துவைக்கிறவர்கள் குந்தி உட்காருவார்களே, அப்படிக் குந்தச் சொல்லுங்கள். குதி தரையில் படக் குந்த முடிகிற பிள்ளைக்கு அநேகமாகக் கால் நரம்பு இறுகவில்லை. குதி தூக்கிக்கொண்டே இருந்தால், அல்லது குதியை வைக்கப் போய்ப் பின்னால் சாய்ந்து விழுந்தால், இறுகத் தொடங்கியிருக்கலாம். (நாம் நரம்பு என்று சொல்வது குதிக்குப் பின்னால் கயிறு மாதிரி இருக்கும் தசைநாண்.) விரலைத் தூக்கிக்கொண்டு குதியால் மட்டும் நாலு அடி நடக்கச் சொல்லியும் பார்க்கலாம். வருடக்கணக்காகக் குதி ஊன்றாமல் நடந்தால் அந்த நாண் கட்டையாகிவிடும். அப்புறம் பிள்ளை விரும்பினாலும் குதி இறங்காது. பழக்கமாகத் தொடங்கியதுகூட இந்த நிலைக்கு வரலாம், அதனால்தான் பழக்கம் என்று தெரிந்த பிறகும் விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

எப்போது உடனே போக வேண்டும்?

முன்னர் நன்றாகக் குதி ஊன்றி நடந்த பிள்ளை, இப்போது நுனிக்காலில் நடக்கத் தொடங்கினால் முதலில் உள்ளங்காலைப் பாருங்கள். முள்ளோ கண்ணாடித் துண்டோ இருக்கும், எடுத்துவிட்டால் முடிந்தது. புண்ணும் இல்லை, முள்ளும் இல்லை என்றால் காத்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். தடிமன் காய்ச்சல் வந்து மாறும் நேரத்தில் சில பிள்ளைகளுக்குக் கெண்டைக்கால் நொந்து, இரண்டு மூன்று நாள் நுனிக்காலில் நடப்பார்கள். அது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். ஆனால் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவு இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலிக்காய்ச்சலிலும் கெண்டைக்கால் நோகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு காலில் மட்டும் குதி தூக்கியிருந்தால் அதைப் பழக்கம் என்று யாரும் சொல்லக் கூடாது. பழக்கம் என்றால் இரண்டு காலிலும் இருக்கும். ஒரு கால் என்றால் அந்தப் பக்கத்துக் கையும் காலும் இறுகியிருக்கிறதா, அல்லது ஒரு கால் கட்டையா என்று பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு பிறப்பிலேயே விலகியிருந்தாலும் இப்படி வரும், பெண் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம். குழந்தையைப் படுக்க வைத்து இரண்டு தொடையையும் விரித்தால் ஒரு பக்கம் விரியாது, தொடை மடிப்புகளும் ஒன்றுபோல இருக்காது. கைக்குழந்தையாக இருக்கும்போது கண்டுபிடித்தால் வார்ப்பட்டி போட்டே சரிசெய்துவிடுவார்கள். நடந்து பழகிய பிறகு என்றால் பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, பிறந்து உடனே அழாத பிள்ளை, கழுத்து நிற்கவும் உட்காரவும் பிந்திய பிள்ளை, தூக்கினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும் பிள்ளை: இந்தப் பிள்ளைகள் நுனிக்காலில் நடந்தால் பெருமூளை வாதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் பலர் பயிற்சியோடு நடந்து பாடசாலைக்குப் போகிறார்கள். நடுமுதுகின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ இருந்தாலும், பாய் நனைப்பதை விட்ட பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கினாலும் மறக்காமல் சொல்லுங்கள், அது முதுகுத் தண்டுக்குள் இருக்கும் கோளாறாக இருக்கலாம்.

பேச்சு பிந்துவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருப்பது, முகத்தைப் பார்க்காமல் இருப்பது, கையை உதறிக்கொண்டே இருப்பது போன்றவையும் நுனிக்கால் நடையும் சேர்ந்திருந்தால் ஓட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நுனிக்காலில் நடப்பது மட்டும் ஓட்டிசத்துக்கு அடையாளம் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் யாரோ டெலிபோனில் ஒரு வீடியோவைக் காட்டி ஒரு தாயைப் பயமுறுத்தி, அவர் நாலு நாள் தூங்காமல் எங்களிடம் வந்த சம்பவமும் உண்டு.

கடைசியாக, நாங்கள் தவறவிட்டது. அடிக்கடி விழுவது, படி ஏற முடியாமல் தவிப்பது, தொடையில் கை ஊன்றி எழும்புவது, பெருத்த கெண்டைக்கால். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், ஆண் பிள்ளை என்றால், ஒரு வாரமும் தாமதிக்க வேண்டாம்.

இனி, எல்லாம் பார்த்து, பழக்கம்தான் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் வீட்டில் என்ன செய்வது?

அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது. கால் நினைத்து நடக்கிற விஷயம் இல்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை "குதிய வை, குதிய வை" என்றால் பிள்ளைக்குக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போகும், குதி இறங்காது. நம் தோட்டத்தில் ஒரு நாலரை வயதுப் பிள்ளை இருந்தாள். அவளை வீட்டில் "நுனிக்காலி" என்றே கூப்பிட்டார்கள். அவள் பிள்ளைமடுவத்தில் நடப்பதையே குறைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்துவிட்டாள். ஆயம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார். கிளினிக்கில் காட்டினோம், அங்கிருந்து இயன்மருத்துவரிடம் அனுப்பினார்கள். நாண் கொஞ்சம் இறுகியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

அவர் காட்டிக் கொடுத்த பயிற்சி இது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் நேராக இருக்க ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையின் உள்ளங்கைக்குள் பிள்ளையின் குதியை அடக்கி, நம் முன்கையைப் பிள்ளையின் உள்ளங்காலோடு சேர்த்து, பாதத்தை மெதுவாக முழங்காலின் பக்கம் தள்ள வேண்டும். 30 எண்ணும்வரை அப்படியே பிடித்துவிட்டு விட வேண்டும். ஒரு காலுக்கு மூன்று நாலு முறை, காலையிலும் இரவிலும். விரலை மட்டும் பிடித்துப் பின்னால் வளைக்காதீர்கள், பாதம் நடுவில் வளைந்து கெட்டுப்போகும். இழுபடுவது தெரியலாம், நோகக்கூடாது. பிள்ளை அழுதால் நீங்கள் பலம் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்தப் பயிற்சியை இதில் வாசித்துவிட்டு நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஒருமுறை அவர் கையால் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

அந்தத் தாய் எங்களிடம் கேட்டார்: "காலையில பிரட்டுக்குப் போறதா, புள்ள கால இழுக்குறதா ஐயா?" நியாயமான கேள்விதானே. அடுப்பு, தண்ணி, சோத்துப் பார்சல், அதோடு இன்னொரு பிள்ளை. கடைசியில் காலைப் பங்கைப் பாட்டி எடுத்துக்கொண்டார், இரவுப் பங்கு அப்பாவுக்கு. அப்பா செய்தால் பிள்ளை சிரிக்கிறாளாம். பகலில் பிள்ளைமடுவத்தில் ஆயம்மா அதையே விளையாட்டாக்கினார். தவளை மாதிரிக் குந்தி உட்கார்ந்து பந்து உருட்டுவது, விரலைத் தூக்கிக் குதியால் நடக்கும் "கெழவி நடை". எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கெழவி நடை நடந்தால் யாருடைய கால் என்று யாரும் கேட்பதில்லை.

நம் மலைச்சரிவும் இங்கே உதவிக்கு வரும். மேட்டைப் பார்த்து நின்று, குதியைத் தரையில் ஊன்றியபடி, அக்காவோடு கைதட்டி விளையாடட்டும். நிற்கும்போது குதி கீழே, விரல் மேலே. இதற்கென்று ஆஸ்பத்திரியில் பலகையைச் சாய்த்து வைப்பார்கள், நமக்குச் சாய்ந்த தரை வாசலிலேயே இருக்கிறது.

செருப்பைப் பொறுத்தவரை, விரலால் கவ்விப்பிடிக்கும் ரப்பர் செருப்பைவிட, குதியைச் சுற்றிக் கெட்டியாக இருக்கும் சப்பாத்து நல்லது. வாங்க வசதி இல்லாவிட்டால் கடன்பட்டு வாங்க வேண்டாம். அதைவிடப் பயிற்சிதான் முக்கியம்.

வோக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. டவுனில் சொந்தக்காரர் கொடுத்தார் என்று சில வீடுகளில் சில்லு வைத்த வோக்கரில் குழந்தையை உட்கார வைக்கிறார்கள். அதில் குழந்தை நுனிக்காலால் உதைத்து உதைத்துத்தான் போகிறது. வாசலைத் தாண்டினால் படிக்கட்டும் கானும் இருக்கிற லயத்தில் அது ஆபத்தும்கூட. கனடா நாட்டில் 2004ஆம் ஆண்டிலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். பின்னால் நின்று தள்ளிக்கொண்டு நடக்கும் மரத்து நடைவண்டி வேறு. அதில் பிள்ளை தன் காலில் நிற்கிறது. சமதரையில், ஆள் பார்த்திருக்க, அதைத் தள்ளட்டும்.

பயிற்சியால் குதி இறங்காவிட்டால் கணுக்காலைச் சரியான நிலையில் வைத்து பிளாஸ்டர் போடுவார்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தித் திரும்பப் போடுவார்கள். பிறகு இரவில் போடும் காலணி கொடுப்பார்கள். அதற்கும் சரிவராவிட்டால்தான் நாணை நீட்டும் சத்திரசிகிச்சை. பிளாஸ்டர் போட்ட பிள்ளையை மழைக்காலத்தில் வைத்திருப்பது கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். நனையவிடாதீர்கள். வெளியே தெரியும் விரல்கள் நீலம் பாரித்தாலோ, வீங்கினாலோ, பிள்ளை விடாமல் அழுதாலோ அடுத்த தவணை வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே திரும்பக் கொண்டுபோங்கள்.

எங்கே போவது? முதலில் மருத்துவிச்சி, பிறகு கிளினிக்குக்கு வரும் சுகாதார வைத்திய அதிகாரி. அவர் கடிதம் கொடுத்தால் நுவரெலியா, பதுளை போன்ற பெரியாஸ்பத்திரிகளில் பிள்ளை வைத்தியரிடம் போகலாம். இன்னும் பார்க்க வேண்டும் என்றால் பேராதனையில் இருக்கும் சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ, கொழும்பு லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. பஸ் காசும் ஒரு நாள் பேரும்தான் போகும். அது சின்ன விஷயம் அல்ல என்பதால்தான் போனால் ஒரே பயணத்தில் காரியம் முடியும்படி போக வேண்டும் என்கிறோம்.

பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். எத்தனை மாதத்தில் பிறந்தது, பிறந்த நிறை, எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். 18 மாதமாகியும் நடக்காத பிள்ளை என்றால் அதையும் சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாராவது இப்படி நடந்தார்களா என்று பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரிடமாவது கமரா உள்ள டெலிபோன் இருந்தால், சமதரையில் பிள்ளை விளையாடும்போது முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எழும்புவதையும் எடுங்கள். டொக்டர் அறைக்குள் போனதும் பிள்ளை அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும், அல்லது அன்றைக்கென்று பார்த்து அழகாகக் குதி ஊன்றி நடக்கும். அந்த ஒரு நிமிடப் படம் அரை நாள் விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

தமிழில் சொல்லிப் புரியவைக்க ஆள் வேண்டும் என்று நினைப்பவர்கள், கிளினிக் நாளுக்கு இரண்டு நாள் முன்பாக எங்களிடம் சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றிய விபரத்தைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதித் தருகிறோம். கணக்கப்பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். பெரட்டில் நின்றுகொண்டு திடீரென்று கேட்டால் அவருக்கும் சிரமம், உங்களுக்கும் மனவருத்தம்.

நுனிக்காலி என்று அழைக்கப்பட்ட அந்தப் பிள்ளை ஏழு மாதம் பயிற்சி செய்தாள். ஓடும்போது இப்போதும் சில நேரம் குதி தூக்குகிறது, களைத்துப் போனால் தூக்குகிறது. மற்ற நேரம் இறங்கிவிட்டது. அவளுடைய பாட்டி காலைப் பங்கை இன்னும் விடவில்லை.